மாசிக் கருவாடும் மூங்கில் தெப்பமும்: சூரை மீன்பிடியில் ‘மீன் திரட்டும் மிதவை’ என்ன செய்கிறது?

ஹட்டன்_வாத்தியார்

வணக்கம். இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். எங்கள் தோட்டத்துக்குக் கிழமையில் இரண்டு நாள் மீன்காரர் வருவார். மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ரெஜிபோம் பெட்டி, கோர்ன் சத்தம் கேட்டதும் லயத்திலிருந்து சட்டியோடு ஆட்கள் இறங்கி வருவார்கள். போன சனிக்கிழமை அவரிடம் இருந்த கெலவல்லா, அதாவது மஞ்சள் துடுப்புச் சூரை, என் முழங்கை நீளம்கூட இல்லை. குடல் எடுக்காமலே ஒன்று வாங்கி வந்து பைப்படியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன், என்னிடம்தான் படிக்கிறான், குந்தியிருந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: “சேர், இது குட்டியா, இல்லாட்டி இந்தச் சாதியே இவ்வளவுதானா?”

குட்டிதான். வயிற்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இளம் கெலவல்லாவின் வயிற்றுப் பக்கம் வெள்ளிக் கோடுகள் நெருக்கமாக இறங்கும், ஒன்று முழுக் கோடு, அடுத்தது புள்ளி புள்ளியாக, பிறகு மறுபடி முழுக் கோடு. சந்தேகம் தீர ஈரலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தோம். வழவழவென்று இருந்தது. அதன் குட்டியைப் போலவே தெரிகிற இன்னொரு சாதியான பெருங்கண் சூரையாக இருந்திருந்தால் ஈரல் வரி வரியாக இருக்கும். இந்த மீன் ஒரு மீற்றர் அளவுக்கு வந்தால்தான் பெரும்பாலும் முட்டையிடும். முழுசாக வளர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும். நாங்கள் வாங்கியது ஒரு கிலோ சொச்சம்.

அன்று இரவே உட்கார்ந்து தேடித் தேடிப் படித்ததில் வந்து நின்ற இடம்தான் இந்த மிதவை. பெரிய கப்பல்காரர்கள் ‘ஃபேட்’ என்கிறார்கள், தமிழில் மீன் திரட்டும் மிதவை என்று வைத்துக்கொள்வோம். விஷயம் எளிதானது. நடுக்கடலில் ஒரு மரக்கட்டை மிதந்தால் அதன் அடியில் மீன் வந்து கூடும், இது மீனவர்களுக்குக் காலம் காலமாகத் தெரியும். அந்தக் கட்டையைத் தானே செய்து கடலில் விட்டால் என்ன என்று மூங்கிலைக் கட்டி, மிதப்புப் போட்டு, அடியில் பழைய வலையோ கயிறோ 50 மீற்றருக்கு மேலேயும் தொங்கவிட்டு, தலையில் ஒரு செய்மதிக் கருவியை வைத்து விடுகிறார்கள். அந்தக் கருவி தான் இருக்கிற இடத்தையும் சொல்லும், ஒலி அனுப்பி எதிரொலியை அளக்கிற எக்கோ சவுண்டர் இருப்பதால் கீழே ஏறத்தாழ எத்தனை தொன் மீன் நிற்கிறது என்றும் சொல்லும். கப்பல்காரர் திரையைப் பார்த்துவிட்டு நேராகப் போய் சுருக்கு வலையை வளைத்து இறக்குகிறார். ஒன்றரைக் கிலோமீற்றர் நீளமும் 200 மீற்றர் ஆழமும் வரும் வலை.

இது கடலுக்கு என்ன செய்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகவே எடுக்க நினைக்கிறேன், தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

பண்டாரவளை_மச்சான்

சேர், நல்ல கேள்வி, ஆனால் ஒரு விஷயத்தை முதலே பிரித்துவிட வேண்டும். நீங்கள் வாங்கிய மீன் அந்தப் பெரிய கப்பலில் வந்திருக்காது. நம்ம நாட்டு மீன் பெரும்பாலும் பலநாள் போட்டில் வருகிறது, செவுள் வலையும் தூண்டில் வரிசையும்தான், சின்ன அளவில் வளைவலையும் இருக்கிறது. நீங்கள் சொல்கிற மாதிரிப் பெரிய சுருக்கு வலைக் கப்பல்கள் ஸ்பெயின், பிரான்ஸ், சீஷெல்ஸ் கொடியோடு மேற்கு இந்து சமுத்திரத்தில் ஓடுகிறவை.

என் அக்கா வீட்டுக்காரர் நீர்கொழும்பில் பலநாள் போட்டில் பதினைந்து வருஷமாகப் போகிறார். ஒரு தடவை போனால் ஒரு மாசத்துக்கும் மேலே கடல்தான். அவர் சொல்வது, முந்தி கடலில் மரம் கண்டால் அன்றைக்கு அதிர்ஷ்டம், சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வலையை விடுவார்களாம். இப்போது மரத்தைவிட இந்த ஆட்கள் செய்த தெப்பம்தான் கண்ணில் படுகிறது என்கிறார். ஆக மீன் வேறு போட்டில் வந்தாலும் கடல் ஒன்றுதான், அதே கெலவல்லாக் கூட்டத்தைத்தான் எல்லோரும் பிடிக்கிறார்கள்.

மாசிச்_சம்பல்

எனக்கு ஒரு சின்னக் கேள்வி. மீன் ஏன் கட்டைக்குக் கீழே போய் நிற்கிறது? சாப்பாடு இருக்கிறதா அங்கே? நிழலுக்கா?

பேராதனை_விலங்கியல்

அக்கா, இதற்கு ஒரே பதில் என்று இல்லை. சின்ன மீன்களுக்கு ஒளிந்துகொள்ள இடம். ஆனால் சூரைக்கு அங்கே பெரிதாகச் சாப்பாடு கிடையாது, கட்டையடியில் பிடித்த சூரை பலவற்றின் வயிறு காலியாகத்தான் இருக்கும். இரண்டு விளக்கம் அதிகமாகப் பேசப்படுகிறது. ஒன்று, ஆற்றில் அடித்து வந்த மரம் பொதுவாக வளமான தண்ணீரோடு சேர்ந்து மிதக்கும், அதனால் மரம் இருக்கிற இடத்தில் இரை இருக்கும் என்று மீனுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கம். இன்னொன்று, அது ஒரு சந்திக்கிற இடம். பரந்த கடலில் பிரிந்து போன மீன்கள் கூட்டம் சேர ஓர் அடையாளம் வேண்டும், நம்ம ஊரில் ‘கோயிலடிக்கு வா’ என்று சொல்வது மாதிரி.

எங்கள் நானு ஓயா கொத்மலை ஓயாவில் விழுந்து, அது மகாவலியில் சேர்ந்து, மகாவலி திருகோணமலைக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. அணைகள் கட்டுவதற்கு முன்னால் வெள்ளக் காலத்தில் மேலே சாய்ந்த ஒரு மூங்கில் புதர் அந்த வழியாகவே கடலுக்குப் போயிருக்கும். அதன் கீழே ஒரு சூரைக் கூட்டம் நின்றிருக்கும். அப்படி நினைத்தால் மலைநாட்டுக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நானுஓயா_ஸ்டேஷன்

நான் கொஞ்சம் மறுபக்கம் பேசுகிறேன், கோபிக்க வேண்டாம். மிதவையடியில் கிடைப்பதில் பெரும்பங்கு பலயா என்கிற சின்னச் சாதிச் சூரை. பலயா சீக்கிரம் வளரும், 40 சென்ரிமீற்றர் சொச்சத்திலேயே முட்டையிடும், வருஷம் முழுக்க இனம் பெருக்கும். உலகத்தில் டின்னில் அடைக்கிற சூரையில் அதுதான் முதல் இடம். மிதவை இல்லாமல் தன்பாட்டில் ஓடுகிற கூட்டத்தைத் துரத்தினால் வலை போடுகிற தடவையில் பாதிக்குப் பாதி வெறும் வலைதான், மிதவையில் பத்துக்கு ஒன்பது தடவை மீன் உண்டு. சீஷெல்ஸில் விக்டோரியா துறைமுகத்துச் சூரைத் தொழிற்சாலை உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று, அந்தச் சின்ன நாட்டில் எத்தனை குடும்பம் அதை நம்பி இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். தேயிலைத் தொழிற்சாலை மூடினால் ஒரு தோட்டம் என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும்.

இன்னொன்று. கிழக்குப் பசிபிக்கில் ஒரு காலத்தில் டொல்பின் கூட்டத்தைச் சுற்றி வலை போட்டுத்தான் கெலவல்லா பிடித்தார்கள், ஏனென்றால் அங்கே இரண்டும் ஒன்றாக ஓடும். டொல்பின்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 1990இல் அமெரிக்காவின் பெரிய டின் கம்பனிகள் டொல்பினைச் சுற்றிப் பிடித்த மீனை வாங்க மாட்டோம் என்றதும் நிறையக் கப்பல்கள் மிதவைக்கு மாறின. அப்போது மிதவை ஒரு தீர்வாகத்தான் வந்தது. முழுக்கக் கெட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள் சேர்.

பேராதனை_விலங்கியல்

அண்ணே சொன்னதில் பலயா பற்றிய பகுதி சரி. ஆனால் பலயா அங்கே தனியாக நிற்பதில்லை. இளம் கெலவல்லாவும் இளம் பெருங்கண் சூரையும் அதோடு கலந்து நிற்கின்றன, மூன்றும் அந்தப் பருவத்தில் ஏறத்தாழ ஒரே நீளம். வலை மூன்றையும் சேர்த்துத்தான் அள்ளும். பலயாவுக்கு 45 சென்ரிமீற்றர் என்றால் வளர்ந்த மீன், கெலவல்லாவுக்கு அதே 45 என்றால் பால்குடி. டொல்பின் கதையிலும் இதுதான் நடந்தது. டொல்பினோடு ஓடியது பெரிய கெலவல்லா, மிதவைக்கு மாறியதும் வலையில் வந்தது குட்டிகளும், சுறாவும், கிளாத்தியும், ஆமையும். டொல்பினைக் காப்பாற்றியதற்கு வேறு உயிர்கள் விலை கொடுத்தன.

இந்து சமுத்திரத்துக் கெலவல்லாவை 2015இல் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட இருப்பு என்று அறிவித்தார்கள். 2024இல் செய்த மதிப்பீட்டில் அந்த நிலையிலிருந்து வெளியே வந்திருப்பதாகச் சொன்னார்கள், அது நல்ல செய்தி, மறைக்கக் கூடாது. பெருங்கண் சூரை 2022 மதிப்பீட்டில் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட பக்கத்தில் இருந்தது. பலயா இருப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு வைத்த வருடாந்த எல்லை 2021 முதல் 2023 வரை 513,572 தொன், பிடித்தது அதைத் தாண்டியே போனது. எல்லை என்று எழுதிவைத்துவிட்டுத் தாண்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சுறாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்ததே அதுதான். பட்டுச் சுறா என்று ஒன்று, தோல் பட்டுப்போல வழுவழுப்பு, அதனால் அந்தப் பேர். அதன் குட்டிகள் மிதவையடியில் சுற்றும். தொங்குகிற வலையின் கண்ணில் செவுள் மாட்டினால் முடிந்தது, சுறா நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சு. செத்த உடல் ஒன்றிரண்டு நாளில் கழன்று கீழே போய்விடும், கப்பல் வந்து பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. அதனால் நெடுங்காலம் இதை யாரும் கணக்கில் எடுக்கவே இல்லை. 2013இல் ஓர் ஆராய்ச்சிக் குழு சுறாக்களில் கருவி பொருத்தியும், தண்ணீருக்குள் இறங்கி மிதவைகளைப் பார்த்தும் கணக்குப் போட்டது. இந்து சமுத்திரத்தில் மட்டும் வருஷத்துக்கு 480,000 முதல் 960,000 பட்டுச் சுறா இப்படிச் சிக்கிச் சாகலாம் என்று வந்தது. வலையில் ஏற்றிக் கணக்கெழுதிய சுறாவைவிட 5 முதல் 10 மடங்கு. முதல் தடவை வாசித்தபோது பூச்சியத்தை விரல் வைத்து எண்ணினேன்.

மாசிச்_சம்பல்

ஐயோ. கணக்கில் வராத சாவு என்பதுதான் மனதை என்னவோ செய்கிறது. தம்பி, இப்போதும் அப்படித்தானா?

பேராதனை_விலங்கியல்

இல்லை அக்கா, அந்த ஆராய்ச்சிக்கு ஒரு பலன் கிடைத்தது. 2020இல் இருந்து இந்து சமுத்திரத்தில் சிக்காத வடிவத்தில்தான் மிதவை செய்ய வேண்டும் என்று விதி. வலையே தொங்கவிடக் கூடாது, வெறும் கயிறோ துணியோ போடலாம். அதற்கு முன்னால் வலையைக் கயிறுபோல உருட்டிக் கட்டியும் விட்டார்கள். ஆனால் உருட்டிக் கட்டின வலை கடலில் மாசக்கணக்கில் கிடந்தால் கட்டு அவிழும், அவிழ்ந்தால் பழையபடி வலைதான். சுருக்கு வலைக்குள் சேர்ந்து வந்து தளத்தில் கொட்டப்படுகிற சுறாவின் கதை வேறு. திருப்பிக் கடலில் விட்டாலும் ஐந்தில் நான்கு பிழைப்பதில்லை.

கொத்மலை_காற்று

நான் இங்கே வாசிக்கிறதோடு சரி, எழுதுவது குறைவு. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் மாலைதீவில் ஒரு ஹோட்டலில் ஏழு வருஷம் வேலை செய்தேன், தோட்ட வேலையில் தொடங்கிப் பிறகு படகுப் பக்கம் போட்டார்கள். நம்ம கொத்மலைப் பையன்கள் நாலைந்து பேர் ஒரே தீவில் இருந்தோம்.

ஒரு நாள் விடிய, பவளப் பாறைக்கு மேலே என்னவோ கறுப்பாகக் கிடக்கிறது என்று தீவுக்காரப் பையன் கூட்டிப்போனான். முதலில் செத்த திமிங்கிலம் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனால் மூங்கில் தெப்பம். நம்ம ஊர் மூங்கில் மாதிரியே, ஐந்தாறு கழி, மேலே கறுப்பு வலையால் இறுக்கிச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் கருவி, பெரிய பூசணிக்காய் அளவு, தலையில் சூரிய ஒளித் தகடு. கருவிக்கு மேலே ஒன்றும் ஆகவில்லை, புதிதுபோல மினுங்கியது. கீழேதான் பார்க்க முடியவில்லை. வலைவால் முழுக்கப் பவளத்தில் சுற்றிக்கொண்டு, அலை தூக்கும்போது தெப்பம் எழும், எழும்போது அந்த வால் பவளத்தைப் பிடித்து இழுக்கும், கறக் கறக்கென்று ஒடிகிற சத்தம் தண்ணீருக்கு வெளியே கேட்டது. மான்கொம்பு மாதிரிப் பவளம் கையளவு கையளவாக வெள்ளையாக உடைந்து கிடந்தது.

இழுத்தால் இன்னும் உடையும், அதனால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ரொட்டி வெட்டுகிற பல்லுக் கத்தியைக் குசினியிலிருந்து கொண்டுவந்து ஆறு பேர் மூழ்கி மூழ்கி வெட்டினோம். காலை எட்டு மணிக்கு இறங்கி, மதியச் சாப்பாட்டுக்கு ஏறி, மறுபடி இறங்கி நாலரைக்கு முடிந்தது. வலையில் ஒரு ஆமை இருந்தது, முன்கால் ஒன்று வலை வெட்டி எலும்பு தெரிய இருந்தது, உயிர் இருந்தது. ஆமைகளைப் பார்க்கிற ஆட்கள் பக்கத்துத் தீவிலிருந்து வந்து எடுத்துப்போனார்கள். வெட்டின வலையைக் கரையில் குவித்தால் ஒரு ட்ராக்டர் பெட்டி நிறையும்.

அந்தத் தீவு மனிசர் சுருக்கு வலையே போடுவதில்லை. தூண்டில் கம்பால் ஒவ்வொன்றாகப் பலயா பிடிக்கிறவர்கள். அவர்கள் பவளத்தில்தான் வந்து விழுந்திருக்கிறது, யாரோ எங்கேயோ விட்டது. ஹோட்டல் முகாமையாளர் அந்தக் கருவியில் இருந்த எண்ணை எழுதி எங்கேயோ அனுப்பினார். பதில் வந்ததாக எனக்குத் தெரியாது.

ஹட்டன்_வாத்தியார்

தம்பி, நீங்கள் எழுதியதைப் பிள்ளைகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன், பெயர் ஊர் சொல்லாமல். சம்மதம்தானே?

நானுஓயா அண்ணனுக்கு: நீங்கள் சொன்ன தொழிற்சாலைக் கதையை நான் தட்டிவிடவில்லை. ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. தோட்டத்தில் முதல் மழை விழுந்த இரவு லயத்து முன்விளக்கில் ஈசல் வந்து மொய்க்கும் அல்லவா. ஈசலுக்கு விளக்கில் ஒரு வேலையும் இல்லை. விளக்கே இல்லாத காலத்தில் வானத்து வெளிச்சத்துக்குப் பழகிய பழக்கம் அதை விளக்கடியில் மாட்டிவிடுகிறது, விடிந்தால் இறக்கை மட்டும் வாசலில் கிடக்கும். மிதவைக்கும் இதே சந்தேகம் 2000ஆம் ஆண்டிலிருந்து ஆராய்ச்சிக்காரர்களிடம் இருக்கிறது, சூழல் பொறி என்கிறார்கள். இயற்கை மரம் மிதக்கிற பாதை வேறு, கப்பல்காரர் மிதவை விடுகிற பாதை வேறு. மரத்தை நம்பிப் பழகிய குட்டிச் சூரை ஆயிரக்கணக்கான மிதவைக்குப் பின்னால் போய் இரை குறைந்த தண்ணீரில் மாட்டிக்கொள்ளுமா என்பது கேள்வி. மிதவையடி மீன் மெலிந்திருக்கிறது என்று சில இடங்களில் பார்த்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அப்படி வரவில்லை, அதையும் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும். எண்ணிக்கையைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. 2013இல் உலகம் முழுக்க 81,000 முதல் 121,000 மிதவை கடலில் விடப்பட்டதாக ஒரு மதிப்பீடு. ஒரே வருஷத்தில். ஆற்றில் அடித்துப்போகிற மரத்தோடு இதை ஒப்பிட முடியாது.

பண்டாரவளை_மச்சான்

எண்ணிக்கை பேசுகிறீர்கள், சரி. ஆனால் நம்ம பக்கத்துக் கணக்கையும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் இல்லை. இந்து சமுத்திரத்தில் சூரை பிடிப்பதில் செவுள் வலையின் பங்கு சின்னதல்ல, ஈரான், ஓமான், பாகிஸ்தான், நாம். செவுள் வலையில் டொல்பின் சாகிறது, ஆமை சாகிறது, எழுதிவைக்கிறவர் இல்லை. அத்தான் அதைப் பற்றிப் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். 2015 ஜனவரியில் ஐரோப்பா நம்ம மீனுக்குத் தடை போட்டது, ஆழ்கடலில் யார் எங்கே என்ன பிடிக்கிறார்கள் என்று நாம் கணக்குக் காட்டவில்லை என்றுதான். படகுகளில் கண்காணிப்புக் கருவி பூட்டி, பதிவேடு வைத்து, 2016இல்தான் எடுத்தார்கள். அந்தப் பதினெட்டு மாசம் விலை விழுந்து அக்கா வீட்டில் அடகுக்கடைக்கு ஏறி இறங்கினார்கள்.

அதனால்தான் எனக்கு இந்த மிதவை விஷயத்தில் ஆத்திரம் வருகிறது. நம்ம போட் எங்கே நிற்கிறது என்று கணக்குக் கேட்டார்கள், சரி, கேட்க வேண்டியதுதான், கொடுத்தோம். கடலில் விட்ட ஒவ்வொரு மிதவையும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று அதே கணக்கை அவர்களிடமும் கேட்க வேண்டாமா?

நானுஓயா_ஸ்டேஷன்

அதில் நான் உங்களோடுதான். கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்.

பேராதனை_விலங்கியல்

கணக்கு என்று வந்ததால் விதிகளை எழுதுகிறேன், இதில்தான் ஓட்டை இருக்கிறது. இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு என்று ஒன்று, தலைமையகம் விக்டோரியாவில், நாமும் உறுப்பினர். ஒரு கப்பல் ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய இயங்கும் கருவிகளுக்கு 2015இல் 550 என்று எல்லை வைத்தார்கள். அடுத்த வருஷம் 425, பிறகு 350, 2019இல் 300. 2024இல் பேங்கொக்கில் கூடி, 2026இலிருந்து 250, 2028இலிருந்து 225 என்று குறைக்க ஒத்துக்கொண்டார்கள், மிதவைகளுக்கு ஒரு பதிவேடும் மக்கிப்போகிற பொருளுக்கு மாறுவதும் அதே தீர்மானத்தில் உண்டு. இதற்கு முன்னால் 2023 பெப்ரவரியில் மொம்பாசாவில் இந்தோனேசியா முன்வைத்து, வருஷத்தில் 72 நாள் மிதவை மீன்பிடியை நிறுத்த வேண்டும் என்று வாக்கெடுத்து நிறைவேற்றினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபித்தது, வேறு நாடுகளும் ஆட்சேபித்தன, அது நடைமுறைக்கு வராமலே போனது. பசிபிக்கில் இப்படி மாதக்கணக்கில் நிறுத்துகிற பழக்கம் பல வருஷமாக இருக்கிறது, அங்கே தொழில் அழிந்துவிடவில்லை.

இப்போது ஓட்டைக்கு வருகிறேன். எல்லை வைத்திருப்பது எதற்கு என்று கவனியுங்கள், ‘இயங்கும் கருவி’க்கு. மிதவை நீரோட்டத்தில் அடித்து, மீன் பிடிக்கிற பரப்பை விட்டு வெளியே போய்விட்டால் அதற்காகக் கப்பலை அனுப்பி எடுப்பது செலவு. கரையில் இருந்தபடியே கருவியை நிறுத்திவிடலாம். நிறுத்தியதும் அது கணக்கிலிருந்து விழுந்துவிடும், அதற்குப் பதிலாக இன்னொன்றை விடலாம். தெப்பம் மட்டும் மிதந்துகொண்டே இருக்கும், இனி அது எங்கே போகிறது என்று விட்டவருக்கே தெரியாது. கொத்மலை அண்ணன் வெட்டி எடுத்தது அப்படி ஒன்றாக இருக்கலாம். அத்திலாந்திக்கிலும் இந்து சமுத்திரத்திலும் பிரெஞ்சுக் கப்பல்களின் மிதவைத் தடத்தை வைத்துச் செய்த ஓர் ஆராய்ச்சியில், 2015இல் வந்தது, விட்டதில் பத்துக்கு ஒன்று கரையிலோ பாறையிலோ போய் ஏறியிருந்தது. அதுவும் தடம் தெரிந்தவை மட்டும்.

ஹட்டன்_வாத்தியார்

இந்தப் பதிவை நான் மூன்று தடவை வாசித்தேன். மிதவை என்ற பொருளைவிட எனக்கு இப்போது பெரிதாகத் தெரிவது இந்த நிறுத்துகிற பொத்தான்தான். மூங்கிலைக் கட்டியவர், மீன் கூடும்வரை அது என்னுடையது என்கிறார், ஒவ்வொரு மணித்தியாலமும் பார்க்கிறார், எத்தனை தொன் என்று எண்ணுகிறார். மீன் இல்லாத பக்கம் அது போனதும் அது யாருடையதும் இல்லை. தோட்டத்தில் வெற்று உரப்பையை ஓடையில் விட்டால் கீழ்த் தோட்டத்துக்காரன் மதகில்தான் அது அடைக்கும், மேல் தோட்டத்து ஆளைக் கூப்பிட்டுக் கேட்கலாம். கடலில் யாரைக் கேட்பது?

சீஷெல்ஸில் 2016இலிருந்து ஒரு ஏற்பாடு உண்டு. தீவுக்குப் பக்கத்தில் வருகிற மிதவையின் இடத்தைக் கப்பல் கம்பனிகள் அறிவிக்கின்றன, தீவில் இருக்கிறவர்கள் பாறையில் ஏறுமுன் போய் எடுக்கிறார்கள். ஆக முடியாத காரியம் இல்லை. கருவியை நிறுத்தாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

மாசிச்_சம்பல்

நான் இன்றைக்கு ஹட்டன் டவுனில் ஒரு கடையில் டின் மீன் தட்டு முழுக்கப் பார்த்தேன். எல்லாம் மெக்கரல், சூரை டின் இரண்டே இரண்டு, அதுவும் விலை கூட, எப்படிப் பிடித்தது என்று ஒன்றும் போடவில்லை. பிறகு மாசி வாங்கப் போனேன். எங்கள் வீட்டில் அம்மா தேங்காய்ச் சம்பலுக்கு மாசியை அம்மியில் உடைக்கிற சத்தம் கேட்டால்தான் ஞாயிற்றுக்கிழமை. கடைக்காரர் ஒரு துண்டை எடுத்து இன்னொன்றோடு தட்டிக் காட்டினார், கட்டை மாதிரி டக் டக் என்றது, மாலைதீவுச் சரக்கு என்றார். அப்போ இந்த மாசி, கொத்மலை அண்ணே சொன்ன தூண்டில்காரர்கள் பிடித்ததா?

கொத்மலை_காற்று

ஆமாம் தங்கச்சி, உண்மையாகவே மாலைதீவுச் சரக்காக இருந்தால் அதிகமாக அப்படித்தான் இருக்கும். உயிரோடு இருக்கிற சின்ன மீனைத் தண்ணீரில் எறிந்து, பலயா வெறிபிடித்து மேலே வரும்போது முள் இல்லாத கொக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கித் தலைக்கு மேலால் படகுக்குள் எறிவார்கள். சுறா, ஆமை எல்லாம் அதில் மாட்டுவது அபூர்வம். பிறகு அவித்து, புகை போட்டு, வெயிலில் காய வைப்பது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. அவர்களும் மிதவை வைத்திருக்கிறார்கள். 1980களில் இருந்து அரசாங்கமே தீவுகளைச் சுற்றி ஐம்பது சொச்சம் மிதவைகளை நங்கூரம் போட்டுக் கட்டியிருக்கிறது. எங்கள் படகோட்டி ஒவ்வொரு மிதவையையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஒன்று சங்கிலி அறுந்து போனால் அன்றைக்கே ஊரெல்லாம் தெரியும், மாற்று வரும்வரை அதே பேச்சுத்தான்.

நானுஓயா_ஸ்டேஷன்

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மிதவை இருப்பது பிரச்சினை இல்லை. ஐம்பது, எல்லோருக்கும் இடம் தெரியும், கட்டிவைத்தது, கம்பால் பிடிப்பது. அங்கே குட்டிக் கெலவல்லா ஒன்றிரண்டு வந்தாலும் கடல் தாங்கும். ஒரு கப்பலுக்கு நூற்றுக்கணக்கில் விட்டு, வளைத்து அள்ளுவது வேறு காரியம்.

பேராதனை_விலங்கியல்

நங்கூரம் போட்ட மிதவையடியிலும் கெலவல்லாக் குட்டி நிறையத்தான் அண்ணே நிற்கும், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் அந்த வகை ஆயிரக்கணக்கில் போட்டு வலையும் விடுகிறார்கள், அங்கேயும் குட்டி பிடிபடுவதுதான் தலைவலி. ஆனால் எண்ணிக்கை, இடம், பிடிக்கிற முறை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் சரி. கொத்மலை அண்ணே, அந்தக் கருவியின் படம் உங்களிடம் இருக்கிறதா? எண் தெரிந்தால் எந்த மாதிரிக் கருவி என்றாவது பார்க்கலாம்.

கொத்மலை_காற்று

பழைய போன் வீட்டில் என் தம்பியிடம் கிடந்தது, இன்றைக்குத்தான் சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன். இரண்டு படம் இருக்கிறது. ஒன்றில் கருவி, ஓர் எழுத்தும் ஆறேழு இலக்கமும், கடைசி இலக்கம் என் பெருவிரல் மறைக்கிறது. பக்கத்தில் பெயின்டால் ஒரு பேர் எழுதி அழித்து மேலே வேறு பேர் எழுதியிருக்கிறது, இரண்டுமே அரைகுறை.

மற்றப் படம் தெப்பத்தை மட்டும் எடுத்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூங்கிலில் ஒன்றும் இல்லை.

பேராதனை_விலங்கியல்

அதுதான் அண்ணே. நடுக்கடலில் ஒரு கப்பல்காரர் இன்னொருவர் மிதவையைக் கண்டால் அவருடைய கருவியைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதைப் பூட்டுவது சர்வ சாதாரணம். தெப்பம் ஒருவர் விட்டது, கருவி வேறு ஒருவருடையது. கருவிக்கு மட்டும் எண் கொடுத்தால் மூங்கிலும் வலையும் யாருடையது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. தெப்பத்திலும் அழியாமல் குறி இருக்க வேண்டும்.

ஹட்டன்_வாத்தியார்

தம்பி, அந்த இரண்டு படத்தையும் எனக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை முதல் பாடத்துக்கு அவற்றையும் ஒரு குட்டிக் கெலவல்லாவையும் கொண்டுபோகிறேன். மீன்காரரிடம் குடல் எடுக்காமல் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன், ஈரலைப் பிள்ளைகளே எடுத்துப் பார்க்கட்டும்.